டிஓபியை (பிவிசியை இளக்கப் போடும் தாலேட் வகை எண்ணெய்) நிறுத்திவிட்டு முழுக்க சோயா பிளாஸ்டிசைசரில் (இளக்கியில்) பிவிசி ஹோஸ் ஓட்டலாமா?

ஓட்டலாம். ஹோஸும் வரும். விற்ற பிறகு திரும்பியும் வரும்.

"ஈஎஸ்பிஓ (எபாக்சி ஏற்றிய சோயா எண்ணெய்) நூறு சதவீதம் பயோ, டிஓபி போடும் அளவுக்கே போட்டால் போதுமாம்" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது, உங்கள் கம்பெனிக்கும் ஒரு சேல்ஸ்காரர் சாம்பிள் கேனோடு வந்து போயிருக்கிறார். எங்களிடமும் வந்தார். நான் கோவைப் பக்கம் ஒரு ஹோஸ் கம்பெனியில் மிக்சிங் பார்க்கிறேன். படித்தது டிப்ளமாதான். பெரிய படிப்பு படித்தவர்கள் யாராவது திருத்த வருவதாக இருந்தால், ஒரு ஷிப்ட் ஹை ஸ்பீடு மிக்சர் பக்கத்தில் நின்றுவிட்டு வரட்டும்.

பிவிசி ரெசின் தன்னளவில் விறைப்பானது. டிஓபி மாதிரி ஒரு எஸ்டர் அதன் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்வதால்தான் ஹோஸ் வளைகிறது. 100 கிலோ ரெசினுக்கு 50 கிலோ டிஓபி போட்டாலும் அது பாட்டுக்கு உள்ளே கிடக்கும். எபாக்சி ஏற்றிய சோயா எண்ணெயின் மூலக்கூறு எடை டிஓபியைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ரெசினுக்குள் இறங்கவே நேரம் எடுக்கும், அதிகமாகப் போட்டால் தங்காது. அதற்கு உரிய வேலையே வேறு. சூட்டில் பிவிசி விடுகிற ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அந்த எபாக்சி வளையம் (எண்ணெயில் ஏற்றிய ஆக்சிஜன் சேர்ந்த சிறு வளையம்) பிடித்துக்கொள்ளும், அதனால் சூட்டில் பிவிசி கெடாமல் காக்கும் கால்சியம் சிங்க் ஸ்டெபிலைசருக்கு நல்ல துணை. அதற்கு 3 முதல் 5 கிலோ போதும். அதே வளையம் வெயிலும் ஈரமும் பட்டு உடைந்துபோனால் எண்ணெய்க்கும் பிவிசிக்கும் இருந்த கொஞ்ச ஒட்டும் போய்விடும், மெதுவாக வெளியே வேர்க்க ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன். யாரோ ஒரு பார்ட்டி "பயோ ஹோஸ்" கேட்டிருந்தார்கள், அவருக்கு அந்த ஆர்டர் வேண்டும். "அதுவும் ஆயில், இதுவும் ஆயில், அப்புறம் என்னப்பா?" என்றார். சரி என்று அந்த எண்ணெயில் செய்த சாம்பிள் ஹோஸில் ஒரு பட்டை வெட்டி, வளைத்து மடக்கி, கிளிப் போட்டு வைத்தேன். சில நாள் கழித்து மடிப்பின் உள்பக்கத்தில் சிகரெட் தாளை ஒற்றி எடுத்தால், பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி அந்தப் பக்கம் தெரிகிறது. அதைக் கொண்டுபோய் அவர் மேசையிலேயே வைத்தேன். பார்த்தார். "செடிக்குத் தண்ணி விடத்தானே, ஓட்டுப்பா."

ஓட்டினேன். மெஷினின் டை வாயிலிருந்து வரும்போது அழகாகத்தான் இருந்தது. நல்ல தெளிவு, வாடை இல்லை, முதலாளி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. ஆனால் கடைக்காரர்கள் ஹோஸ் சுருளை வாசலில்தானே அடுக்குகிறார்கள்? வெயில் காய்ந்து, ஐப்பசி மழையும் பிடித்ததும் போன் மேல் போன். சுருளைப் பிரிக்க முடியவில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, ரோட்டுத் தூசி முழுக்க அதன் மேல்தான், தொட்டால் விரல் ரேகை விழுகிறது. சரக்கு மொத்தமும் திரும்பியது. சேல்ஸ்காரர் "உங்கள் மிக்சிங்கில் கோளாறு" என்று சொல்லிவிட்டு போன் எடுப்பதை நிறுத்திக்கொண்டார். அந்தத் தாளை லாக் புக்கில் தேதி போட்டு ஒட்டி வைத்திருந்ததால் நான் பிழைத்தேன்.

உடனே "இவன் டிஓபி ஆள்" என்று கிளம்பிவிடாதீர்கள். டிஓபிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் பொருள் என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தி, குழந்தைகளின் பொம்மையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், சரியான காரியம்தான். தாவரத்திலிருந்து வருவது எதுவும் உதவாது என்றும் சொல்லவில்லை. 1870 வாக்கில் அமெரிக்காவில் ஹயாட் சகோதரர்கள் செல்லுலாய்டை இளக்கியதே கற்பூரத்தை வைத்துத்தான். உங்கள் பார்ட்டி கேட்பது தாலேட் இல்லாத சரக்கு என்றால் டிஓடிபி (டெரெப்தாலேட் வகை, டிஓபி மாதிரி தாலேட் கணக்கில் வராது) போடுங்கள், டிஓபியைவிட ஒன்றிரண்டு கிலோ கூடப் பிடிக்கும், வேறு தொந்தரவு இல்லை. ஆனால் அது பெட்ரோலியச் சரக்கு, பயோ என்று லேபிள் ஒட்டாதீர்கள். பயோவே வேண்டும் என்றால் சிட்ரேட் இருக்கிறது, சிட்ரிக் அமிலத்திலிருந்து வரும் ஏடிபிசி, பொம்மைக்கும் உணவு சுற்றும் ஃபிலிமுக்கும் போடுகிறார்கள். அந்த விலைக்குத் தோட்டத்து ஹோஸ் யார் வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. பசுமை, பூமி என்று பக்கம் பக்கமாக மெயில் அனுப்புகிற இதே பார்ட்டிகளிடம் நல்ல சரக்குக்குப் பணம் வாங்கிப் பாருங்கள். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2006 சட்டமே இருக்கிறது. கேட்டால் "அக்கவுண்ட்ஸில் பேசுங்க" என்பார்கள், அக்கவுண்ட்ஸில் கேட்டால் சார் லீவு. ரெசின்காரன் மட்டும் முன்பணம் இல்லாமல் லோடு ஏற்றமாட்டான். நடுவில் எங்களைப் போன்ற கம்பெனிகள் வட்டி கட்டிக்கொண்டு பூமியைக் காப்பாற்ற வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேல்ஸ்காரரிடம் அந்த லாட்டின் ஆக்சிரேன் மதிப்பும் (எபாக்சி எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கணக்கு) அயோடின் மதிப்பும் (எபாக்சி ஏறாமல் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு) எழுதிக் கேளுங்கள். ஆக்சிரேன் 6 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் நீங்கள் போடுவது கே 67 ரெசினா (கே என்பது ரெசின் சங்கிலியின் நீளத்தைக் காட்டும் எண்), ஹோஸ் தெளிவானதா கலரா, ஃபில்லர் (நிரப்புப் பொடி) எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று சொல்லுங்கள், டிஓடிபிக்கு அளவு போட்டுத் தருகிறேன்.