கடைசி வீடு வரை போகாமல் வறுமை ஒழியாது: வாசகர் கேள்வி-பதில்

(வறுமை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் மகளிர் குழுக்களோடும், தமிழக அரசின் கிராம வறுமை ஒழிப்புத் திட்டமான புது வாழ்வுத் திட்டத்தோடும் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.)

உலகத்தில் வறுமையை அடியோடு ஒழித்துவிடலாம் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா? ஐ.நா. தீர்மானம் போடுகிறது, அரசுகள் கையெழுத்துப் போடுகின்றன, சிக்னலில் கையேந்தும் குழந்தை மட்டும் அங்கேயேதான் நிற்கிறது.
ஆசிரியர், நாமக்கல்

நம்புகிறேன் ஐயா. எந்த வறுமையை என்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரரை விட வசதி குறைவு என்கிற வறுமை எந்த நாட்டிலும் இருக்கும். நான் சொல்வது வேறு. ராத்திரி பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு அம்மா தண்ணீர் குடித்துப் படுக்கும் வறுமை. காய்ச்சலுக்கு ஊசி போட வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும் வறுமை. இது ஒழியக் கூடியது.

உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக்கான கோட்டை நாளொன்றுக்கு 3 டாலர் என்று மாற்றி வரைந்தது. அதை இன்றைய டாலர் விலையால் பெருக்காதீர்கள். ஒவ்வொரு நாட்டு விலைவாசிக்கும் தகுந்தபடி கணக்கிட்ட டாலர் அது. நம் ஊரில் நூறு ரூபாய்க்கும் கீழேதான் வரும். அந்தக் கோட்டுக்குக் கீழே இன்று சுமார் 80 கோடிப் பேர், அதாவது உலகில் பத்தில் ஒருவர். 1990இல் இதே கோட்டுக்குக் கீழே பத்தில் நான்கு பேருக்கு மேல் இருந்தார்கள். நம் கண்ணெதிரே நடந்த மாற்றம் இது. 2030க்குள் முழுதாக ஒழிப்போம் என்று 2015இல் ஐ.நா.வில் எல்லா நாடுகளும் சேர்ந்து சொன்னது இப்போதைய வேகத்தில் நடக்காது. அதற்காக முடியவே முடியாது என்று கையை விரித்தால், இதுவரை மேலே வந்தவர்களைப் பார்க்க மறுக்கிறோம் என்று அர்த்தம்.

சீனா செய்து காட்டிவிட்டதே? தொழிற்சாலைகள் வந்தால் வறுமை தானாகப் போய்விடும்தானே?
பொறியியல் மாணவர், கோவை

பெரும்பகுதி போகும் தம்பி. அதை மறுக்க முடியாது. ஆனால் சீனாவின் கதை தொழிற்சாலையில் தொடங்கவில்லை, வயலில் தொடங்கியது. 1978இன் இறுதியில் அன்ஹுய் மாகாணத்தின் ஷியாவ்காங் கிராமத்தில் பதினெட்டுப் பேர் கூடி ரகசியமாக ஓர் ஒப்பந்தம் எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு மீதியை அவரவர் வைத்துக்கொள்வது. இதற்காக யாராவது ஜெயிலுக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்பது. அடுத்த வருடமே விளைச்சல் பெருகியது. பிறகு அரசே அந்த முறையை நாடெங்கும் ஏற்றுக்கொண்டது. வயிறு நிறைந்த பிறகுதான் ஊர்த் தொழில்களும் ஏற்றுமதியும் வந்தன. நாற்பது வருடத்தில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் மேலே வந்தார்கள்.

அவ்வளவு வளர்ச்சிக்குப் பிறகும் மலைகளிலும் ஒதுக்குப்புறங்களிலும் சில கோடிப் பேர் எஞ்சினார்கள். அவர்களுக்காகக் கடைசியில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஊருக்கு ஊர் அலுவலர்களை அனுப்ப வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேரை இருந்த இடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் குடியமர்த்தினார்கள். அந்த வழியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனாலும் வளர்ச்சி தானாகப் போய்ச் சேராத வீடுகள் இருக்கின்றன என்பதற்கு சீனாவை விடப் பெரிய சாட்சி கிடையாது.

எங்கள் தெருவில் வாரா வாரம் குழு லோன் வசூலுக்கு வருகிறார்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்குகிறோம். கடன் கொடுத்தால் ஏழைகள் முன்னேறுவார்கள் என்றுதானே இதை ஆரம்பித்தார்கள்?
வாசகி, பண்ருட்டி

கடன் ஏற்கெனவே ஒரு தொழில் ஓடுகிறவர்களுக்குக் கை கொடுக்கும். இட்லிக் கடை வைத்திருப்பவர் இன்னொரு அடுப்பு வாங்கலாம். வருமானமே இல்லாத வீட்டுக்குப் போகும் கடன் வருமானத்தைக் கொண்டுவராது, தவணையைத்தான் கொண்டுவரும். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடத்திய ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. ஏழைகளுக்குச் சிறு தொகையாகக் கொடுக்கும் இந்த நுண்கடனால் சிலருக்குச் சிறு நன்மை, வாழ்க்கையே மாறும் அளவுக்கு ஒன்றுமில்லை என்பதுதான் அவற்றில் தெரிந்தது. உங்கள் வீட்டில் புதுக் கடனை இந்த வாரமே நிறுத்துங்கள். எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடையுங்கள்.

அப்படியானால் எல்லாருக்கும் கீழே இருப்பவர்களை எப்படித்தான் மேலே தூக்குவது? நடந்த உதாரணம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.
கூட்டுறவுத் துறை ஊழியர், தஞ்சாவூர்

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் வேலை, அவர்கள் யார் என்று கண்டுபிடிப்பது. புது வாழ்வுத் திட்டத்தில் 'மக்கள் நிலை ஆய்வு' என்று ஒன்று செய்தோம். கோயில் முன்னால் மண்ணைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கோலமாவில் ஊரின் தெருக்களை வரைவோம். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. எந்த வீடு மிகவும் ஏழை, எது ஏழை, எது நடுத்தரம் என்று ஊரே உட்கார்ந்து சொல்லும். சண்டை வரும், சிரிப்பும் வரும். பண்ருட்டிப் பக்கம் ஓர் ஊரில் எல்லாம் வரைந்து முடித்து எழுந்த நேரத்தில் ஒரு பாட்டி, "தோப்புக்குப் பின்னால ஒரு குடிசை இருக்கே, அது எங்க?" என்றார். யாரும் வேண்டுமென்று விடவில்லை. அந்தப் பெண் விடிந்ததும் முந்திரி உடைக்கப் போய்விடுவாள், குழுவில் இல்லை, கூட்டத்துக்கு வருவதில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தோம். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. கணவர் இறந்தபின் மாமியார் வீட்டைவிட்டு வந்தவர். ரேஷன் கார்டில் பெயர் இன்னும் அங்கேயே இருந்தது. அரிசியும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. ஊரில் இருந்த எந்தத் திட்டமும் அந்தக் குடிசையைத் தொட்டதில்லை. விண்ணப்பம் எழுதிக்கொண்டு யார் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் திட்டம் என்றால், ரொம்ப ஏழைகள் வரவே மாட்டார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர அவர்களால் முடியாது.

இரண்டாவது, கொடுப்பதை ஒரே சமயத்தில், போதுமான அளவுக்குக் கொடுக்க வேண்டும். கிணற்றில் விழுந்தவருக்குப் பாதிக் கயிறு போட்டால் அது உதவியில் சேராது. எண்பதுகளில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் மாட்டுக் கடன் கொடுத்தார்கள். மாடு வந்தது, தீவனத்துக்கு வழி வரவில்லை, மருத்துவர் வரவில்லை, பால் வற்றிய மாதங்களில் வீடு எதைச் சாப்பிடும் என்று யாரும் யோசிக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் மாடு விற்றுப் போயிற்று, கடன் நின்றது.

வங்காளதேசத்தின் பிராக் அமைப்பு இதையெல்லாம் யோசித்தது. ஃபசல் ஹசன் அபெத் 1972இல் தொடங்கிய அந்த அமைப்பே பெரிய அளவில் நுண்கடன் கொடுத்து வந்ததுதான். மிக ஏழைகளுக்குக் கடன் எட்டவில்லை என்று பார்த்து, 2002இல் அவர்களுக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு பெண்ணுக்கு மாடோ ஆடுகளோ சிறு வியாபாரத்துக்கான சரக்கோ இலவசமாகக் கொடுப்பார்கள். ஆடு வளர்ந்து பலன் தரும் வரை அதை விற்றுச் சாப்பிட்டுவிடாமல் இருக்க, வாரா வாரம் ஒரு சிறு தொகை. எப்படி வளர்ப்பது என்று பயிற்சி, மருந்து வசதி, சேமிப்புப் பழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரந்தோறும் வீட்டுக்கு வந்து "ஆடு எப்படி இருக்கிறது, நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க ஓர் ஆள்.

இதையே மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பந்தன் அமைப்பு செய்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ குழுவினர் உதவி பெற்ற குடும்பங்களையும் பெறாத குடும்பங்களையும் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். சும்மா எதற்குக் கொடுப்பார்கள், இதில் ஏதோ இருக்கிறது என்று பயந்து முதலில் வேண்டாம் என்று சொன்ன பெண்களும் உண்டு. வாங்கியவர்கள் பத்து வருடம் கழித்தும் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள். உதவி நடந்தது ஒன்றரை வருடம்தான். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என்று ஆறு நாடுகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இதே முறையைச் சோதித்த முடிவு 2015இல் வந்தது, பெரும்பாலும் நல்ல முடிவுதான். ஹோண்டுராஸில் மட்டும் கணக்கு உதைத்தது. அங்கே நிறையப் பேர் கோழி எடுத்தார்கள். நோய் வந்து கோழிகள் செத்துவிட்டன. எந்த ஊரில் எது பிழைக்கும் என்பதை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்காமல் எந்தத் திட்டமும் நிற்காது.

நம் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 2021இல் தொடங்கி, உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்களும் சேர்ந்து 64,006 குடும்பங்களை மிக ஏழை என்று பட்டியலிட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத் திட்டம் எழுதினார்கள்: ஒருவருக்கு வீடு, ஒருவருக்குத் தினமும் சமைத்த சாப்பாடு, ஒருவருக்கு ஆதாரும் ரேஷன் கார்டும். 2025 நவம்பர் 1 அன்று கடும் வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தார்கள். பழங்குடி மக்கள் பலர் பட்டியலில் விடுபட்டிருக்கிறார்கள் என்று அங்கேயே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி, பதில் சொல்லியாக வேண்டும். ஆனாலும் குடும்பத்துக்கு ஒரு திட்டம் என்ற அந்த முறை சரியான முறை. கடலூரில் நாங்கள் செய்ய ஆசைப்பட்டதும் அதைத்தான்.

இலவசமாகப் பணத்தைக் கையில் கொடுத்தால் டாஸ்மாக்குக்குத்தானே போகும்?
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், விருத்தாசலம்

போவதில்லை. உலகெங்கும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பண உதவியால் குடியும் புகையிலையும் கூடவில்லை என்றே கண்டார்கள். மேற்குக் கென்யாவில் செல்போன் வழியாகப் பணம் வந்தபோது மக்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கூரையில் புல்லை எடுத்துவிட்டுத் தகரம் போட்டது. தகரம் விற்றவரும் அதை அடித்த கொத்தனாரும் அதே வட்டாரம். கொடுத்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்தின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய இரண்டரை டாலர் அளவுக்குச் சுழன்றதாகக் கணக்கிட்டார்கள். இங்கே 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. எனக்குத் தெரிந்த வீடுகளில் அது கேஸுக்கும், மாத்திரைக்கும், பள்ளிக்கூட வேன் கட்டணத்துக்கும் போகிறது.

மலையகத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் கொஞ்சம் தலை தூக்கியிருந்தோம். 2022இல் எல்லாம் சரிந்துவிட்டது. ஒழித்த வறுமை திரும்பி வராது என்று யாரால் சொல்ல முடியும்?
வாசகி, ஹட்டன்

யாராலும் சொல்ல முடியாது, தங்கச்சி. 2021க்கும் 2022க்கும் இடையில் இலங்கையில் வறுமை இரண்டு மடங்கானதாக உலக வங்கி கணக்கிட்டது. நாலில் ஒருவர் வறுமையில். அரசு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது 2022 ஏப்ரலில். மாவு விலையில் அடி வாங்கியது தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், நாட்கூலிக்கு இருப்பவர்கள். நாடு வாங்கிய கடனில் அவர்கள் கேட்டது எதுவும் இல்லை.

உலகில் 300 கோடிக்கும் மேற்பட்டவர்கள், கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதை விட வட்டிக்கு அதிகம் கட்டும் நாடுகளில் வாழ்கிறார்கள். அந்தக் கடன்களைக் குறைக்காமல் வறுமை ஒழிப்பு பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நெருக்கடி வந்த மாதத்திலேயே உதவி கைக்கு வரும்படி முன்கூட்டியே ஏற்பாடும் வேண்டும். எத்தியோப்பியாவில் 2005 முதல் இருக்கும் பாதுகாப்பு வலைத் திட்டம், பஞ்சம் வந்த பிறகு ஓடாமல், ஆண்டுதோறும் பசிக் காலத்தில் உணவோ பணமோ கொடுக்கிறது. உங்கள் வீட்டு நிலைமையைத் தனியாக எழுதுங்கள், பேசலாம்.

இதற்கெல்லாம் பணம் எங்கே இருக்கிறது?
வணிகர், சிவகாசி

2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். அதே ஆண்டில் பணக்கார நாடுகள் கொடுத்த வளர்ச்சி உதவி சுமார் 21,000 கோடி டாலர், பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் தருவோம் என்று 1970இல் ஐ.நா.வில் பேசிய இலக்கு. இன்று சராசரி அதில் பாதியைக் கூட எட்டவில்லை. அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே 2025 ஜூலையில் மூடிவிட்டது. மீதமிருக்கும் கடும் ஏழைகளில் பெரும்பாலோர் சஹாராவுக்குத் தெற்கே, அவர்களில் பலர் காங்கோ, தெற்கு சூடான் போல சண்டை ஓயாத நாடுகளில். துப்பாக்கிச் சத்தம் நிற்காத ஊரில் ஆடு கொடுத்து என்ன பயன்? அங்கே முதலில் சண்டை நிற்க வேண்டும். பணம் இருக்கிறது ஐயா. எதற்குச் செலவிடுவது என்பதில்தான் உலகம் தவறாக முடிவெடுத்திருக்கிறது.

மாதம் 15,000 சம்பளத்தில் இருக்கும் நான் இதில் என்ன செய்ய முடியும்?
கடை ஊழியர், திண்டிவனம்

உங்கள் ஊரில் யார் வீட்டுக்கு ரேஷன் கார்டு இல்லை, யாருக்கு முதியோர் உதவித்தொகை வரவில்லை, எந்த மாற்றுத்திறனாளிக்கு இன்னும் சான்றிதழ் எடுக்கவில்லை என்று பாருங்கள். ஒரே ஒரு வீடு போதும். இ-சேவை மையத்துக்குக் கூடவே போய் விண்ணப்பம் போடுங்கள், ஒப்புகைச் சீட்டை அவர்கள் கையில் கொடுங்கள், எண்ணை உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 பட்ஜெட்டில் அறிவித்த தாயுமானவர் திட்டம் 5 லட்சம் மிக ஏழைக் குடும்பங்களுக்கானது. உங்கள் ஊராட்சியில் அதற்கான பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நாட்களில் சபை கூடும். தோப்புக்குப் பின்னால் இருப்பவர் பெயர் அதில் இல்லையென்றால் எழுந்து நின்று பெயரைச் சொல்லுங்கள், தீர்மானத்தில் எழுதும் வரை உட்காராதீர்கள்.