பழைய பாண்டூன் படகை யாருக்குக் கொடுப்பது? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஏரிக்கரையில் வசிக்கிறோம். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது வாங்கிய 22 அடிப் பாண்டூன் படகு (மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் அமைந்த படகு), அவர்கள் வெளியூர் சென்றுவிட்டதால் கோடை முழுவதும் உறை பிரிக்கப்படாமலேயே நிற்கிறது. இயந்திரம் நன்றாக ஓடுகிறது. இருக்கைகள் மட்டும் சில இடங்களில் கிழிந்துள்ளன. டிரெய்லரும் இருக்கிறது. ஓர் அறநிறுவனத்துக்குக் கொடுத்தால் நல்ல காரியமாகவும் இருக்கும், வருமான வரியிலும் கழிவு கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 'நாங்களே வந்து எடுத்துச் செல்கிறோம்' என்னும் விளம்பரங்களையும் கேட்கிறேன். எந்த வழியில் செல்வது?
- ஒரு வாசகர், மினசோட்டா

பதில்: வரிக் கழிவைப் பற்றி, அதாவது வரி கணக்கிடும்போது வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகையைப் பற்றி, பிறகு பார்ப்போம். உங்கள் படகு யாருக்குப் பயன்படப் போகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. விளம்பரம் செய்து படகு கேட்கும் அமைப்புகளில் பல, அந்தப் படகைத் தாமே பயன்படுத்துவதில்லை. வண்டிகளையும் படகுகளையும் வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் இடைநிலை நிறுவனம் அதை இழுத்துச் சென்று ஏலத்தில் விற்கிறது. இழுவைச் செலவும் விளம்பரச் செலவும் தரகும் போக மிஞ்சுவதே அறநிறுவனத்தின் கைக்குப் போகிறது. இது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்றாலும், கொடுப்பவர் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்காக என்று வாகன நன்கொடை திரட்டிய ஒரு பெரிய அமைப்பைப் பற்றி உங்கள் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, மினசோட்டா மக்கள் கொடுத்ததில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான தொகையே அம்மாநிலக் குழந்தைகளுக்குச் சென்றதாகக் கூறியது.

ஆகையால் படகைப் படகாகவே பயன்படுத்தும் அமைப்பு உங்கள் பகுதியில் உண்டா என்று முதலில் தேடுங்கள். பாண்டூன் படகு உங்கள் மாநிலத்திலேயே பிறந்தது. ரிச்மண்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஆம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி, 1950-களின் தொடக்கத்தில் இரும்புப் பீப்பாய்களின் மீது மரத் தளம் அமைத்து ஏரியில் மிதக்கவிட்டதிலிருந்து இந்த வகைப் படகுகள் பெருகின. அவர் கண்ட அந்தத் தட்டையான தளம்தான் அறப்பணிக்கும் ஏற்றதாக அமைகிறது. மற்றப் படகுகளில் குனிந்து, கால் தூக்கி, உள்ளே இறங்க வேண்டும். பாண்டூனின் தளமோ படகுத்துறையின் உயரத்துக்கு ஏறக்குறையச் சமமாக நிற்பதால், ஒரு சிறிய சாய்வுப் பலகையைப் போட்டுச் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டே ஏற்றிவிடலாம். நடக்க இயலாத ஒரு குழந்தையோ, முதியோர் இல்லத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்ட ஒருவரோ, ஏரியின் நடுவில் காற்று வாங்குவதற்கு இதைவிட எளிதான வழி இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான கோடை முகாம்கள், முதியோர் இல்லங்கள், முன்னாள் படைவீரர்களுக்கான அமைப்புகள், நீரின் தரத்தைச் சோதிக்கும் ஏரிப் பாதுகாப்புச் சங்கங்கள் ஆகியவற்றை நீங்களே தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். பக்கவாட்டுக் கதவின் அகலத்தை அளந்து வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. சக்கர நாற்காலி நுழையுமா என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.

நீங்களும் அவர்களிடம் சிலவற்றைக் கேட்க வேண்டும். படகை ஓட்டுவது யார், காப்பீடு யார் பெயரில் இருக்கும், ஏரி உறைவதற்கு முன் படகைக் கரையேற்றிக் குளிர்காலம் முழுவதும் எங்கே வைப்பார்கள் என்னும் கேள்விகளுக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அவர்களும் ஓரிரு ஆண்டில் அதை விற்றுவிடுவார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். மனமிருந்தும் இடமில்லாத சிறிய அமைப்புக்கு, பராமரிப்புச் செலவு வைக்கும் ஒரு பொருளைக் கொடுப்பது உதவி ஆகாது.

இனி வரிக்கு வருவோம். முன்பெல்லாம் நன்கொடையாளர் தாமே ஒரு சந்தை மதிப்பைக் குறித்துக் கழிவு கோரும் வழக்கம் இருந்தது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், 2005 முதல் விதி மாறிவிட்டது. நீங்கள் கோரும் மதிப்பு 500 டாலருக்கு மேல் இருந்து, அறநிறுவனம் படகைப் பயன்படுத்தாமல் விற்றுவிட்டால், அந்த விற்பனையில் கிடைத்த தொகைக்கு மேல் கழிவு கோர இயலாது. நேரடியாக விற்றால் 9,000 டாலர் பெறக்கூடிய படகு ஏலத்தில் 2,400 டாலருக்குப் போனால், உங்கள் கழிவு 2,400 டாலர்தான். ஏலத்தொகை 500 டாலரோ அதற்குக் குறைவோ ஆனால், சந்தை மதிப்பு, 500 டாலர் ஆகிய இரண்டில் குறைந்ததைக் கோரலாம். அறநிறுவனம் விற்ற 30 நாட்களுக்குள், விற்ற தொகையைக் குறிப்பிட்டு 1098-சி என்னும் படிவத்தை உங்களுக்குத் தர வேண்டும். அதை வரிக்கணக்குடன் இணைக்க வேண்டும்.

படகை அந்த அமைப்பே தன் பணிக்குக் குறிப்பிடத்தக்க அளவு பயன்படுத்தினாலோ, அதன் மதிப்பு உயரும்படி பெரிய சீரமைப்புச் செய்தாலோ, வறியவர் ஒருவருக்கு மிகக் குறைந்த விலையிலோ இலவசமாகவோ அறநோக்கில் கொடுத்தாலோ, முழுச் சந்தை மதிப்பையும் நீங்கள் கோரலாம். எந்த அளவு பயன்பாடு போதுமானது என்பதற்கு அமெரிக்க வரித்துறை (IRS) தரும் எடுத்துக்காட்டு ஒன்று, வறியவர்களுக்கு உணவு கொண்டுசெல்ல ஓராண்டு நாள்தோறும் ஓடி 10,000 மைல் கடந்த ஒரு வண்டி. வாரக் கடைசியில் இருமுறை மிதக்கவிட்டு விற்றுவிடுவது கணக்கில் வராது. இருக்கைத் துணியைத் தைப்பதும் வண்ணம் பூசுவதும் 'பெரிய சீரமைப்பு' ஆகாது என்பதும் விதியிலேயே உள்ளது. உங்கள் கிழிந்த இருக்கைகளைச் சரிசெய்து விற்பதாகச் சொல்லி முழு மதிப்பு வாங்கித் தருவோம் என்று எவரேனும் சொன்னால், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். முழு மதிப்பைக் கோரும்போது அது 5,000 டாலரைத் தாண்டினால், தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் எழுத்து மதிப்பீடும், பணமல்லாத நன்கொடைகளுக்கான 8283 படிவத்தின் 'பி' பிரிவும் (Section B) தேவைப்படும். மலிவான சிறு படகுகள் தவிர மற்றவற்றை, படகுகளை ஆய்ந்து மதிப்பிடும் மரைன் சர்வேயர் ஒருவர் நேரில் பார்த்து மதிப்பிட வேண்டும் என்பதே வரித்துறையின் அறிவுரை. ஏனெனில் படகின் விலை அதன் உண்மையான நிலையைப் பொறுத்தது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைப் பாருங்கள். செலவுகளைத் தனித்தனியே பட்டியலிட்டுக் கழிவு கோருபவர்களுக்கு மட்டுமே படகு நன்கொடையால் வரி குறையும். பட்டியலிடாமலேயே கிடைக்கும் நிலையான கழிவு, 2026-ஆம் ஆண்டுக்குத் தம்பதியருக்கு 32,200 டாலர். உங்கள் பட்டியல் அதைத் தாண்டாவிட்டால், படகால் ஒரு டாலர்கூட வரி குறையாது. 2026 முதல் பட்டியலிடாதவர்களுக்கும் தம்பதியராக 2,000 டாலர் வரை நன்கொடைக் கழிவு உண்டு. ஆனால் அது பணமாகக் கொடுப்பதற்கு மட்டுமே உரியது.

ஆகவே என் கருத்தைச் சொல்கிறேன். படகை உண்மையிலேயே பயன்படுத்தப்போகும் முகாமோ இல்லமோ கிடைத்தால், தயங்காமல் கொடுங்கள். கிடைக்காவிட்டால், நீங்களே விற்று அந்தப் பணத்தைக் கொடுங்கள். வாங்கிய விலைக்குக் குறைவாக விற்பதால் உங்களுக்கு இலாப வரி வராது. ஏலத்தில் கரைந்துபோகும் பங்கும் நீங்கள் விரும்பும் அமைப்புக்கே போய்ச் சேரும்.

கேள்வி: என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். அவர் ஆசையாக வைத்திருந்த பாண்டூன் படகைப் பார்க்கும்போதெல்லாம் மனம் தாங்கவில்லை. யாராவது எடுத்துப் பயன்படுத்தினால் போதும் என்றிருக்கிறது. பத்திரங்கள் அவர் பெயரில் உள்ளன. நான் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: அம்மா, உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம். அவசரப்பட வேண்டாம், கொடுக்கும் எண்ணம் நல்லது, ஆனால் பத்திரம் முதலில் முறைப்படி உங்கள் பெயருக்கோ உரிய வாரிசுகளின் பெயருக்கோ மாற வேண்டும். டெக்சாஸில் இதைக் கவனிப்பது பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை. அங்கே படகுக்கு ஒரு டைட்டிலும் (உரிமைப் பத்திரமும்), வெளிப்புற இயந்திரத்துக்குத் தனியாக ஒரு டைட்டிலும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டையும் தேடி எடுத்து வையுங்கள். படகின் மீது வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கையெழுத்திடும்போது, பெறுபவர் பெயருக்கான இடத்தை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள். 'எங்கள் அலுவலகத்தில் நிரப்பிக்கொள்கிறோம்' என்பார்கள். அப்படிக் கொடுத்தால், அடுத்து வாங்குபவர் விபத்துக்குள்ளானாலும் ஏட்டில் நிற்பது உங்கள் குடும்பத்தின் பெயராகவே இருக்கும். அமைப்பின் முழுப் பெயரையும் தேதியையும் உங்கள் கண்முன்னே எழுதச் செய்து, படம் எடுத்து வைத்துக்கொண்டு, உரிமை மாறியதை மாநிலத் துறைக்கும் தெரிவித்த பின்னரே காப்பீட்டை நிறுத்துங்கள். அந்த அமைப்பு வரிக் கழிவுக்குத் தகுதி பெற்றதா என்பதை வரித்துறையின் இணையத் தேடலில் அதன் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். உங்கள் மகனோ மகளோ சில நிமிடங்களில் பார்த்துச் சொல்வார்கள்.

கேள்வி: எங்கள் பாண்டூனின் ஒரு மிதவைக் குழாயில் நீர் புகுந்து படகு ஒரு பக்கம் சாய்கிறது. தளத்தின் பலகையும் உளுத்துவிட்டது. இதையும் அறநிறுவனம் எடுத்துக்கொள்ளுமா?
- ஒரு வாசகர், விஸ்கான்சின்

பதில்: பெரும்பாலும் எடுக்காது, எடுத்தாலும் அப்புறப்படுத்தும் செலவு அவர்கள் தலையில்தான் விழும். குழாய்கள் அலுமினியம் என்பதால் பழைய உலோகக் கடையில் விலை போகும்; இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தனியே விற்கலாம். அந்தப் பணத்தை நன்கொடையாகக் கொடுங்கள். படகை நீரிலிருந்து எடுத்து எங்கே கொண்டுசென்றாலும், ஒட்டியுள்ள செடிகளையும், ஏரிக்கு ஏரி பரவும் ஜீப்ரா மஸல் சிப்பிகளையும் முழுவதும் அகற்றி, குழாயில் தேங்கிய நீரை அந்த ஏரிக்கரையிலேயே வடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஓர் ஏரியில் ஒருமுறை குடியேறிவிட்டால் அந்தச் சிப்பிகளை முற்றிலும் ஒழிப்பது மிகமிக அரிது.