முதலில் ஸ்பீக்கர், மற்றதெல்லாம் அப்புறம்

கேள்வி: ஆடியோ செட்டுக்கு ஒதுக்கிய பணத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: பாதி ஸ்பீக்கருக்கு, கால் பங்கு ஆம்ப்ளிஃபயருக்கு. மிச்சத்தில் பிளேயர், ஒயர், ஸ்டாண்ட். ஸ்டாண்டை விட்டுவிடாதீர்கள், ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வர வேண்டும்.

கேள்வி: சின்ன அறை. 5.1 (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) வாங்கவா, இரண்டு ஸ்பீக்கர் ஸ்டீரியோ போதுமா?

பதில்: சின்னது என்றால் எத்தனை அடி? நீளம், அகலம், உயரம் எழுதாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது! பாட்டுக்கு மட்டும் என்றால் ஸ்டீரியோ. அதே பணத்தை ஆறு பெட்டிக்குப் பங்கு போட்டால் ஆறும் அரைகுறை.

கேள்வி: 50 வாட் ஆம்ப்ளிஃபயரை 100 வாட்டுக்கு மாற்றினால் சத்தம் இரண்டு மடங்காகுமா? கடையில் 2000 வாட் பி.எம்.பி.ஓ. (உச்ச வாட் என்று போடும் விளம்பர எண்) செட்டும் காட்டுகிறார்கள்.

பதில்: ஆகாது. வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். இரண்டு மடங்கு என்று காதுக்குப் பட 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட், அதாவது 500. அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். சென்சிடிவிட்டி (ஒரே வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்) 84 டெசிபல் உள்ளதை விட்டு 90 உள்ளதை வாங்கினால், உங்கள் 50 வாட்டே 200 வாட் வேலை செய்யும். ஆனால் அந்த எண்ணை 1 வாட்டில் அளந்தார்களா, 2.83 வோல்ட்டிலா என்று பாருங்கள். 4 ஓம் (மின்தடை) ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 2 வாட். 3 டெசிபல் சும்மா கூடித் தெரியும்.

பி.எம்.பி.ஓ. என்ற எழுத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வையுங்கள். அதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது, வாய்க்கு வந்த எண்தான். பின்பக்கம் எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். 60 வாட் இழுக்கிற செட் 2000 வாட்டை எங்கிருந்து கொண்டுவரும்? கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தரக்கூடிய வாட்): எத்தனை ஓமில், எத்தனை சேனல் ஒன்றாக ஓடும்போது, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்). ஒரே சேனல், 10 சதவீதம் என்றிருந்தால் பாதியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாட் போதாத செட்டை முழுக்கத் திருகினால் கிளிப் ஆகி (ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு) முதலில் கருகுவது ட்வீட்டர்தான்.

கேள்வி: விலை கூடிய எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஒலி மேம்படுமா?

பதில்: மேம்படாது. ஸ்பீக்கர் ஒயரிலும் விலையைப் பார்க்காதீர்கள்: 5 மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் போதும், 10 மீட்டர் வரை 2.5. சுத்தச் செம்பாக இருக்கட்டும்; செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம்.

கேள்வி: சப்வூஃபர் கும்மென்று முழங்குகிறது. பெரியதாக மாற்றவா?

பதில்: இடத்தை மாற்றுங்கள். மூலையில் வைத்திருப்பீர்கள். அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். பேஸ் சீராக வருகிற இடத்தில் வையுங்கள். கிராஸ்ஓவர் (எந்த ஒலிக்குக் கீழே சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ். 4 மீட்டர் நீள அறை என்றால் 43 ஹெர்ட்ஸ் பக்கம் முழக்கம் இருக்கும். நீங்களும் அறை அளவு எழுதவில்லை.

கேள்வி: தனி டி.ஏ.சி. (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான சிக்னலாக மாற்றும் கருவி) அவசியமா?

பதில்: இப்போதைய கருவியில் இரைச்சல் கேட்டால் மட்டும்.

கேள்வி: பழைய ஸ்பீக்கர் வாங்கலாமா?

பதில்: தாராளமாக. கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பை விரலால் லேசாகத் தொடுங்கள். பொடிந்தால், விளிம்பு மாற்றும் கூலியை விலையில் கழியுங்கள். ரப்பர் விளிம்பு நீண்ட நாள் உழைக்கும்.