மாடல் கார்கள்: மழைக்காலப் பெயின்ட்டும் சில சந்தேகங்களும்

அளவு குறைத்துச் செய்யப்படும் பிளாஸ்டிக் கார்களைக் கட்டி, பெயின்ட் அடித்து, அலமாரியில் அடுக்கிவைக்கும் வாசகர்கள் சென்னையில் இத்தனை பேர் இருப்பது இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகே தெரிந்தது. கடிதங்களில் பெரும்பாலானவை கட்டுவதைப் பற்றியல்ல, பெயின்ட்டைப் பற்றியே கேட்கின்றன. அது நியாயம்தான். பாகங்களை ஒட்டுவது பெட்டியிலுள்ள விளக்கத்தாளைப் பார்த்துச் செய்துவிடக்கூடிய வேலை. கையிலிருப்பது பொம்மையாகத் தெரியுமா, காராகத் தெரியுமா என்பது மேற்பூச்சில் முடிவாகிறது.

கேள்வி: 1:24 அளவிலான (உண்மையான காரில் 24-ல் ஒரு பங்கு) காருக்குக் கருநீல லாக்கர் ஸ்பிரே அடித்து, அதன் மேல் நிறமற்ற க்ளியர் கோட்டும் கொடுத்தேன். அடித்த உடனே நன்றாகப் பளபளத்தது. சற்று நேரத்தில் வெண்படலம் படர்ந்து மங்கிவிட்டது. நவம்பர் மழை விட்டிருந்த ஒரு மாலையில் மொட்டைமாடிக் கொட்டகையில் நின்றுதான் அடித்தேன். கேன் பழையதாக இருக்குமோ?
(அயனாவரம் வாசகர்)

பதில்: கேனைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த மாலைப்பொழுதுதான் காரணம். லாக்கரில் உள்ள தின்னர் மிக விரைவாக ஆவியாகும்போது, அதற்குத் தேவையான வெப்பத்தைப் பெயின்ட் பரப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஸ்பிரே கேனாக இருந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் வாயு விரிவதாலும் குளிர்ச்சி கூடுகிறது. பரப்பு குளிர்ந்தவுடன், காற்றில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஈரம் நுண்ணிய நீர்த்துளிகளாக அதன் மேல் படிந்து, காயாத பெயின்ட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதுவே நீங்கள் கண்ட வெண்படலம். அடர்நிறங்களில் அது பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரில் பலர் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கிறது. அந்த மாதங்களில் உடற்பகுதிக்குப் பளபளப்பான லாக்கர் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உட்பகுதி, எஞ்சின், அடிச்சட்டம் ஆகியவற்றைத் தூரிகையால் முடிப்பதற்கு மழைக்காலத்தை ஒதுக்கிவிட்டு, பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களில் முற்பகல் பதினோரு மணியளவில் உடற்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அதிகமாக இருக்கும் ஈரப்பதம் அந்த நேரத்துக்குள் கணிசமாக இறங்கியிருக்கும். கோடையில் பிற்பகல் கடற்காற்று வீசத் தொடங்கியதும் அது மீண்டும் ஏறும் என்பதால், வெயில் கொளுத்துகிறதே என்று மூன்று மணிக்கு ஆரம்பிக்க வேண்டாம். ஈரப்பதம் காட்டும் சிறிய மின்னணுக் கருவி ஒன்றை வாங்கி வைப்பது, இன்னொரு கிட் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு.

உங்கள் கார் கெட்டுவிடவில்லை. ஈரப்பதம் குறைந்த ஒரு நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரை ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் சிறு கருவி) ஊற்றி மிக மெல்லிய சாரலாகத் தெளியுங்கள். மேற்பரப்பு சற்றே இளகி, சிக்கிய ஈரம் வெளியேறிப் படலம் தெளிந்துவிடும். ஏர்பிரஷ் இல்லையென்றால், அதே வகை க்ளியர் கோட்டை மெல்லியதாக ஒரு முறை அடித்தாலும் பெரும்பாலும் சரியாகும். கம்பிரசர் வைத்திருப்பவர்கள் அதன் குழாயில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் நீர்ப்பொறி பொருத்தியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தப்பட்ட காற்றிலிருந்து பிரியும் தண்ணீர், எதிர்பாராத நொடியில் ஏர்பிரஷ் வழியாகத் துப்பப்படும்.

கேள்வி: அப்பா வைத்திருந்த காரின் நிறத்திலேயே மாடலையும் செய்ய ஆசை. மெட்டாலிக் நிறம். உண்மையான கார்களுக்கு நிறம் கலந்து கொடுக்கும் பெயின்ட் கடையில் அதையே சிறிதளவு கலந்து வாங்கி அடிக்கலாமா?
(அம்பத்தூர் வாசகர்)

பதில்: நிறம் மிகச் சரியாக வரும், ஆனால் கார் சரியாக வராது. உண்மையான காரின் மேல் உள்ள ப்ரைமர் (அடிப்பூச்சு), நிறம், க்ளியர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். உங்கள் மாடலும் 1:24 என்று கொண்டு அதை 24-ஆல் வகுத்தால் 4 முதல் 6 மைக்ரான். அவ்வளவு மெல்லியதாக நம்மில் எவராலும் அடிக்க முடியாது என்றாலும், எந்தப் பக்கம் நோக்கிப் போக வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது. கார்க்கதவைச் சுற்றி 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மாடலில் அது மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. மூன்று கனமான கோட் விழுந்தால் அந்தக் கோடு மூடிப்போய், கதவு திறக்கவே முடியாத ஒரு கட்டியாகக் கார் நிற்கும். பளபளப்பு வேண்டும் என்று க்ளியர் கோட்டை ஊற்றி ஊற்றி அடித்து, ஜீராவில் ஊறிய குலாப் ஜாமூன் போல் ஆக்கப்பட்ட கார்களைக் கண்காட்சிகளில் நிறையப் பார்க்கலாம். பரிசும் சில நேரங்களில் அவற்றுக்கே போய்விடுகிறது என்பது வேறு விஷயம்.

மெட்டாலிக் நிறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெயின்ட்டில் கலந்திருக்கும் அலுமினியத் துகள் ஒன்று 20 மைக்ரான் அளவு இருப்பதாகக் கொள்வோம். 1:24 காரின் மேல் அது, உண்மையான காரின் மேல் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் துகள் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். தந்தையின் கார் கல்யாண மேடை ஜரிகையாக மின்னுவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். மாடல்களுக்கென்றே செய்யப்படும் மெட்டாலிக் பெயின்ட்டுகளில் துகள் நுண்ணியதாக இருக்கும் என்பதால், நிறம் நூலிழை மாறினாலும் அவற்றையே வாங்குங்கள். மெட்டாலிக் அல்லாத வெள்ளை, கறுப்பு, சிவப்பு போன்ற நிறங்களுக்கு இந்தத் தடை இல்லை. அவற்றைக் கார் பெயின்ட் கடையில் வாங்கித் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அப்படிப் பயன்படுத்தும்போது, டிங்கரிங் கடைகளில் புழங்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் வெறும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அரித்து, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். முதலில் மாடல்களுக்கான ப்ரைமரை மெல்லிய கோட்டுகளாகக் கொடுத்து, முழுதாகக் காயவிட்டு, அதன் மேலேயே இதை அடிக்க வேண்டும். அதுவும் முதல் கோட் நனைக்காமல், தூசு படிவதுபோல் விழ வேண்டும். பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், எந்தச் சோதனையையும் அதில் செய்து பார்த்துக்கொள்ளலாம். ப்ரைமருக்கு முன்பாகவே கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் கோடுகளைக் கூர்மையான கருவியால் இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து ஆழப்படுத்திவிடுங்கள். பிறகு செய்ய வழியே இல்லாத வேலை இது.

கேள்வி: பதினொரு வயது மகன் கேட்கிறான். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?
(மடிப்பாக்கம் வாசகி)

பதில்: பசையின்றி அழுத்திப் பொருத்தும் வகையில், நிறமேற்றிய பிளாஸ்டிக்கிலேயே வரும் கிட் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பாகங்களை வெட்டியெடுக்கச் சிறிய கட்டிங் பிளையரும், முனைகளைத் தேய்க்க 400, 800 எண் உப்புத்தாளும் போதும். கத்தி வேலையின்போது மட்டும் நீங்கள் அருகில் இருங்கள். பெயின்ட் இரண்டாவது காருக்கு.

கேள்வி: ஜன்னல் கண்ணாடிகளைச் சூப்பர் க்ளூவால் ஒட்டினேன். ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது.
(கொளத்தூர் வாசகர்)

பதில்: அந்தப் பசையின் ஆவி, அருகிலுள்ள பரப்பில் படிந்து இறுகுவதால் வருவது அது, நம் ஊர் ஈரக்காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். கண்ணாடிப் பாகங்களுக்கு மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையே நல்லது. காய்ந்ததும் நிறமற்றுப் போகும், தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இப்போது படிந்திருப்பதை 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்துவிட்டு, பாலிஷிங் காம்பவுண்டால் மெருகேற்றினால் பெரும்பகுதி போய்விடும்.

கேள்வி: அம்பாசிடர் கார் மாடல் செய்ய விரும்புகிறேன். கடைகளில் பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசிடர்கள் கிடைக்கின்றன. அவற்றை நல்ல மாடலாக மாற்ற முடியுமா?
(மயிலாப்பூர் வாசகர்)

பதில்: முடியும், வெளிநாட்டு விளையாட்டுக் கார்களையே மீண்டும் மீண்டும் கட்டுவதைவிட இதில் சுவை அதிகம். முதலில் உங்கள் கையிலிருப்பது என்ன அளவு என்று கண்டுபிடியுங்கள். அம்பாசிடரின் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2464 மில்லிமீட்டர். முழு நீளம் ஏறத்தாழ 4325 மில்லிமீட்டர். பொம்மையில் அச்சுகளுக்கு இடையே அளந்து, 2464-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். 77 மில்லிமீட்டர் வந்தால் அது 1:32. அப்படியானால் நீளம் 135 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்க வேண்டும். அது 125 ஆக இருந்தால், பெட்டிக்குள் அடங்குவதற்காக மூக்கையோ வாலையோ குறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். விகிதம் பெரிதும் பிசகிய பொம்மைக்கு எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் பயனில்லை. எனவே கடைக்குப் போகும்போதே அளவுகோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

விகிதம் ஓரளவு சரியாக இருந்தால், ஓடும் எந்திரத்தைக் கழற்றிவிட்டு, தடித்துப் புடைத்திருக்கும் வார்ப்புக் கோடுகளைத் தேய்த்தெடுத்து, கதவுக் கோடுகளைப் புதிதாகக் கீறிக்கொள்ளுங்கள். பள்ளங்களுக்குக் கார் பட்டறைகளில் பார்க்கும் பட்டியையே மெல்லியதாகப் பூசலாம். பம்பருக்கும் கிரில்லுக்கும் வெள்ளிப் பெயின்ட் அடித்தால் பொம்மை வாடை போகாது. பளபளக்கும் கறுப்பை அடியில் அடித்து நன்றாகக் காயவைத்து, அதன் மேல் குரோம் பெயின்ட்டை மிக மெல்லியதாகத் தெளித்தால்தான் உலோகம் போலத் தெரியும். அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்து, 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான கார். இடைப்பட்ட ஆண்டுகளில் கிரில், விளக்குகள், பம்பர் எல்லாம் மாறியிருக்கின்றன. எந்தக் காலத்துக் காரைச் செய்கிறீர்கள் என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்டு, அந்தக் காலத்துப் புகைப்படங்களை மட்டும் பாருங்கள்.

சென்னைக்காரர்களுக்கு இன்னும் பொருத்தமான கார் ஒன்று உண்டு. வண்டலூரில் 1960-களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலம் பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டு. அங்கே அது இரண்டு கதவுகளோடுதான் வந்தது, நான்கு கதவு வடிவம் இந்தியாவுக்கே உரியது. டிரையம்ஃப் மாடல் கிடைத்தால் அதன் நீண்ட கதவை நிரப்பி மூடி, நான்கு கதவுகளாகக் கீறிக்கொள்ளலாம். பொறுமையிருப்பவர்கள் முயலட்டும்.

கேள்வி: இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டில் பால்கனியில் பெயின்ட் அடிக்கிறேன். துணி முகக்கவசம் அணிகிறேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. போதுமான பாதுகாப்பா?
(வேளச்சேரி வாசகர்)

பதில்: போதாது. துணிக் கவசமும், தூசியைத் தடுக்கும் என்-95 கவசமும் தின்னரின் ஆவியைத் தடுப்பதில்லை. கரிம ஆவிகளை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய ரப்பர் முகக்கவசமே அதற்கு உரியது. அதுவும் உங்களை மட்டுமே காக்கும், குழந்தையைக் காக்காது. பால்கனிக் கதவைச் சாத்தினாலும், காற்று உள்நோக்கி வீசும் நாளில் வாடை வீட்டுக்குள்தான் வரும். குழந்தை வளரும்வரை நீரால் அல்லது ஆல்கஹாலால் நீர்க்கச் செய்யும் அக்ரிலிக் பெயின்ட்டுக்கு மாறிக்கொள்வது நல்லது; அவற்றிலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கவசமும் வேண்டும். லாக்கர் அடித்தே ஆக வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போய்விட்டு, அடித்த காரை வாடை அடங்கும்வரை அங்கேயே மூடிய பெட்டியில் விட்டு வாருங்கள். கார் பட்டறைகளில் இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் 2கே க்ளியரை வீட்டில் தொடவே வேண்டாம். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அந்தக் கண்ணாடிப் பளபளப்புக்கு அந்த விலை அதிகம்.

கேள்வி: பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பழைய உலோகக் கார் ஒன்று தானாகவே வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கடற்கரைக்கு அருகில் இருப்பதால் உப்புக்காற்றா?
(பெசன்ட் நகர் வாசகர்)

பதில்: உப்புக்காற்று வெளியிலிருந்து அரிக்கும், உங்களுடையது உள்ளிருந்து வரும் நோய். வார்ப்புக்குப் பயன்படும் துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டால், ஆண்டுகள் கழித்து உலோகத்தின் உட்துகள்களுக்கு இடையே அரிப்பு பரவி, உடல் வீங்கி வெடிக்கிறது. ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். மருந்து கிடையாது, பக்கத்துக் கார்களுக்குத் தொற்றாது என்பது மட்டும் ஆறுதல். மீதமுள்ளவற்றைச் சிலிக்கா ஜெல் போட்ட கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: கட்டி முடித்து ஓராண்டு ஆன காரின் டயரைத் தொட்டேன், சக்கரத்தின் விளிம்பு உருகி டயரோடு ஒட்டியிருக்கிறது. வெயிலா?
(தாம்பரம் வாசகர்)

பதில்: வெயில் உடந்தை மட்டுமே. சில கிட்களில் வரும் மெல்லிய வினைல் டயர்களை இளக்கமாக வைத்திருப்பதற்காகச் சேர்க்கப்படும் பொருள் மெல்ல வெளியேறி, பாலிஸ்டைரீன் சக்கரத்தைக் கரைக்கிறது. வெப்பமான அலமாரியில் அது வேகமாக நடக்கும். இனிமேல் சக்கரத்தின் விளிம்பில் டயர் தொடும் இடத்துக்கெல்லாம் இரண்டு கோட் அக்ரிலிக் பெயின்ட் கொடுத்து முழுதாகக் காயவிடுங்கள், அல்லது சமையலறை அலுமினியத் தாளில் மெல்லிய பட்டை வெட்டிச் சுற்றிவிட்டு டயரை மாட்டுங்கள். இப்போது உருகிவிட்ட சக்கரத்தை டயரிலிருந்து பிய்த்தெடுக்க முயன்றால் இரண்டும் கெடும். டயரைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, விளிம்பைப் பட்டியால் நிரப்பித் தேய்த்து, ரப்பர் டயர் ஒன்றைத் தேடி மாட்டுங்கள்.