நீதி வேண்டாம் தம்பி, நியாயத்தை எழுது

கேள்வி: அறம், நீதி, நியாயம், நேர்மை, ஒழுக்கம் எல்லாம் ஒரே பொருள் தரும் சொற்கள்தானே? ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

அகராதியைப் பார்த்தால் குறையாது. ஒன்றுக்கு மற்றதைப் பொருளாகப் போட்டிருப்பார்கள். ஆட்கள் வாயில்தான் அது நடக்காது.

நான் திருகோணமலையில் ஒரு சின்னக் கொம்யூனிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், அதோடு ஆட்கள் சொல்லச் சொல்லக் கடிதம் அடித்துக் கொடுப்பது. முறைப்பாட்டுக் கடிதங்கள்தான் கூட. அதனால் நீங்கள் கேட்கிற சொற்களில் பாதியை நாள்தோறும் தட்டுகிறேன். மீதிப் பாதியை யாரும் கேட்பதேயில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு மாரி காலத் தொடக்கத்தில் உப்புவெளிப் பக்கமிருந்து ஓர் ஆச்சி வந்தார். அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பங்குக் கிணறு. கிணறு இருப்பது பக்கத்து வளவில். அந்த வளவை வாங்கிய புது ஆள் வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டிவிட்டார். ஆச்சியின் காணி உறுதிப் பத்திரத்தில் கிணற்றில் பாதிப் பங்கு இருக்கிறது. போகிற வழி பற்றி ஒரு வரி இல்லை. நான் வழக்கம்போல "எனக்கு நீதி பெற்றுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்து வாசித்துக் காட்டினேன். ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீதி எண்டு போடாத தம்பி. நீதி எண்டா கோடு, லோயர், தவணை. பிறகு நானும் அவனும் முகம் பாக்கேலாது. நியாயத்தை எழுது."

"நியாயம் எண்டா என்னெண்டு எழுத?"

"கிணத்தில பங்கிருக்கு, போக வழியில்லை எண்டா அது நியாயமோ எண்டு கேள். அவன் வந்து கதைச்சாக் காணும்."

உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. நீதி மேலேயிருந்து வருவது, அதைக் கொடுக்க மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். அதனால்தான் நீதிமன்றம், நீதவான். (தமிழ்நாட்டில் நீதவானை நடுவர் என்கிறார்கள். எங்களுக்கு நடுவர் என்றால் பட்டிமன்றத்தில் மணி அடிப்பவர்.) நியாயம் இரண்டு பேருக்கு நடுவில் கிடப்பது. நியாயம் கேட்கலாம், சொல்லலாம், கதைக்கலாம். "அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கு" என்று விட்டுக்கொடுக்கலாம். என் நியாயம், உன் நியாயம் என்று பங்கும் போடலாம். என் நீதி, உன் நீதி என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும். இரண்டுமே வடமொழியிலிருந்து வந்த சொற்கள்தான், வந்த இடத்தில் வேலையைப் பிரித்துக்கொண்டன. நீதிக்கு 'நடக்க வேண்டிய நெறி' என்ற பழைய பொருளும் உண்டு, அது நீதிநூல், நீதிக்கதை போன்ற சொற்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. அநீதி மேடையிலும் பத்திரிகையிலும் இருக்கிறது. அநியாயம் குசினிக்குள்ளேயே வந்துவிட்டது. தட்டில் சோறு மிஞ்சினால் "அநியாயமாக்காத" என்பாள் அம்மா.

நேர்மை கொஞ்சம் வேடிக்கையான சொல். ஆள் சொன்ன சொல்லிலிருந்து கோணாமல் இருக்கிறாரா என்பதுதான் கணக்கு, சொன்னது நல்லதா கெட்டதா என்பது அதற்குள் வராது. கையூட்டு வாங்குகிற ஒருவரைப் பற்றியே "வாங்கினாலும் நேர்மையான மனுசன், சொன்ன திகதிக்கு முடிச்சுத் தருவார்" என்று என் கடையில் ஒருவர் மனதாரப் புகழ்ந்திருக்கிறார். அதே ஆளை நியாயமானவர் என்று அவரால் சொல்லியிருக்க முடியாது.

உங்கள் பட்டியலில் இல்லாத முறை என்ற சொல்லைத்தான் நான் முதலில் வைப்பேன். வரிசையும் முறை, உறவும் முறை, வழக்கமும் முறை, நீதியும் முறை. குறள் 388 இல் "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்" என்றால் நீதி வழங்கும் அரசன். நாங்கள் பொலிசில் கொடுப்பதும் முறைப்பாடுதான். எங்கள் ஊர்க் கோணேசர் கல்வெட்டு பெயரில்தான் கல்வெட்டு. உள்ளதெல்லாம் செய்யுளும் உரைநடையும் கலந்த ஒரு நூல். தானத்தார், வரிப்பத்தார் என்று கோயிலில் யார் யாருக்கு என்னென்ன கடமை, என்னென்ன உரிமை என்று பிரித்து வைக்கிறது. முழுக்க முழுக்க முறை. ஆச்சியின் வழியும் அந்த வகை. உறுதியில் இல்லை, நாற்பது வருடமாக நடந்த கால்களில் இருந்தது.

ஒழுக்கம், ஒழுகு என்பதிலிருந்து. தண்ணீர் ஒழுகுவதுபோல் விடாமல் நடப்பது. ஒரு நாள் நல்லது செய்தால் அது ஒழுக்கம் ஆகாது. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என்று மூன்றாகப் பிரித்துவிட்டு, வழக்கும் தண்டமும் உலகத்தை ஒழுங்கில் நிறுத்தத்தான் உதவும், உயிருக்கு உறுதி தருவது ஒழுக்கமே, வள்ளுவர் அறம் என்று எடுத்துக்கொண்டதும் அதைத்தான் என்கிறார். அந்த ஒழுக்கத்தை அவர் வருணத்துக்கு ஒன்றாக வைப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் கோட்டு வழக்கையும் தண்டனையையும் ஒரு பக்கம் ஒதுக்கியது எனக்குப் பிடிக்கும். இப்போது ஒழுக்கத்தின் நிலை என்னவென்றால், கந்தோர் மொழியில் அது ஒழுக்காற்று விசாரணை ஆகிவிட்டது. நன்னடத்தைக்கும் அதே கதி. நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவர் வீடு தேடி வருகிறார் என்றால் அந்த வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்றுதான் அயலில் நினைப்பார்கள்.

சரி, அறம். பதினைந்து வருடத்தில் அறம் கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலைப் பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லைப் பார்க்கலாம், அவ்வளவுதான். ("தண்டப்பணம் அறவிடப்படும்" என்ற பலகையில் இருப்பது வேறு அற.) அதன் வடமொழிச் சோடியான தருமமும் தேய்ந்து பிச்சையாகிவிட்டது. காசு வாங்காத அரசாங்க ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் தர்மாஸ்பத்திரி என்பார்கள். அறமும் கொடையாகச் சுருங்கும் பழக்கம் பழையதுதான் போலும். புறநானூறு 134 இல் புலவர் முடமோசியார் வள்ளல் ஆயைப் பற்றி, இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கும் "அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்" என்கிறார். அறத்தை விற்கிற வியாபாரி என்று ஒரு வசவு அப்போதே தேவைப்பட்டிருக்கிறது.

சொல் வாயிலிருந்து போனாலும் பொருள் போகவில்லை என்பது ஆச்சி திரும்பி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடிதத்தை அவர் கொடுக்கவேயில்லை, பையில் மடித்தபடி வைத்திருந்தார். மழைக்குள் அவர் ரோட்டுக் குழாயிலிருந்து வாளியோடு வருவதைப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் மேசனைக் கூட்டி வந்து மதிலை ஓரிடத்தில் உடைத்துப் படலை போட்டுவிட்டார்.

"என்ன சொன்னவர் ஆச்சி?"

"சட்டப்படி விடத் தேவையில்லையாம். ஆனா மனம் கேக்கேல்லையாம்."

"மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்" என்று பாடசாலையில் பாடமாக்கிய 34 ஆம் குறள் எனக்கு அந்தப் படலையில்தான் விளங்கியது. எங்கள் பேச்சில் அறத்துக்கு இப்போது இருக்கிற பெயர் 'மனம் கேட்கவில்லை' என்பதுதான் என்று நினைக்கிறேன். அதைக் கடிதத்தில் கோரிக்கையாக எழுத முடியாது. "உங்கள் மனம் கேட்காமல் போகுமாறு தாழ்மையுடன்" என்று எப்படி அடிப்பது?

அப்புறம் ஆச்சி கடிதத்துக்கு எவ்வளவு காசு என்று கேட்டார். அன்றைக்கு, "பிறகு தருகிறேன்" என்று போனவர். கொடுக்காத கடிதத்துக்கு ஏன் காசு, விடுங்கோ என்றேன்.

"நீ அடிச்சது அடிச்சதுதானே. சும்மா வாங்கிறது முறையில்லை" என்று ஒரு கட்டு முருங்கைக்காயை மேசையில் வைத்தார். அன்றைய சந்தை விலைக்கு அது என் கூலியைப் போல மூன்று மடங்கு.

"இது நியாயமில்லை ஆச்சி" என்றேன். அவர் படியிறங்கிவிட்டார்.