எஸ்ஓபி எழுதச் சொன்னால் வேலையை விடாதே, தம்பி

டிரிபிள்-ஈ டிப்ளமோ முடித்துக் மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் "மிஷின்ல கை வைக்க விடாம ஜென்செட்டுக்கு (டீசல் ஜெனரேட்டருக்கு) எஸ்ஓபி எழுதச் சொல்றாங்க, விட்டுரவா சார்" என்று கேட்கிறாய். விடாதே. எஸ்ஓபி என்பது ஒரு வேலையைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்று எழுதிவைக்கிற தாள்; அந்த வேலையை முழுசாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் உட்கார்ந்து எழுதாதே. ஜென்செட்டைப் பல வருஷமாக ஓட்டுகிற அண்ணன் பக்கத்தில் போய் நில். கேட்டால் "டீசல், ஆயில் பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணணும், அவ்வளவுதான்" என்பார். ஆனால் லோடு பிரேக்கர் (ஜென்செட்டிலிருந்து மிஷின்களுக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச்) ஆஃபில் இருக்கிறதா என்று அவர் கண் தானாகப் போய்ப் பார்த்திருக்கும், அதைச் சொல்ல அவருக்கே தோன்றாது. அந்த விட்டுப்போன படியை நீதான் பிடிக்க வேண்டும்.

"டீசல் அளவு சரிபார்க்கப்பட வேண்டும்" என்று எழுதினால் யார் பார்ப்பது? "டீசல் கேஜைப் பார்" என்று எழுது. "சிறிது நேரம் ஓடவிடு" என்றால் ஆளுக்கொரு கணக்கு வைப்பார்கள். எத்தனை நிமிடம் என்று மேனுவலைப் பார்த்துப் போடு. எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட்டைத் தமிழாக்காமல் கூலன்ட் என்றே எழுது.

எச்சரிக்கை எப்போதும் படிக்கு முன்னால் வர வேண்டும். "ரேடியேட்டர் மூடியைத் திற" என்று நாலாவது வரியிலும் "சூடாக இருந்தால் திறக்கக் கூடாது" என்று ஐந்தாவதிலும் எழுதினால், நாலாவதைப் படித்தவுடன் திறந்தவர் முகத்தில் கொதிக்கிற கூலன்ட் அடித்திருக்கும். அப்புறம், தமிழில் "கூடாது" என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும், அதனால் தடை சொல்கிற வரி நீளவே கூடாது: "எஞ்சின் சூடா? மூடியைத் தொடாதே."

1940களில், போர்க் காலத்தில், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைப் பழக்கும்போது படி, அதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் என்று இரண்டாகப் பிரித்து வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு டொயோட்டாவும் அதை எடுத்துக்கொண்டது. நுணுக்கத்துக்குக் காரணம் என்ற மூன்றாவது பகுதி பின்னால் சேர்ந்தது. நீயும் காரணத்தை எழுது. காரணம் தெரிந்தால், ராத்திரி ஷிப்ட்டில் தனியாக நிற்கிறவர் அந்தப் படியைத் தாண்டிப் போக யோசிப்பார்.

எழுதி முடித்ததும் புதிதாக வந்த ஒருவரிடம் தாளைக் கொடு. அண்ணனும் பக்கத்தில் இருக்கட்டும், நீ மட்டும் வாயைத் திறக்காதே. அந்தப் புது ஆள் தயங்கி உன்னைத் திரும்பிப் பார்க்கிற ஒவ்வொரு இடமும் நீ திருத்த வேண்டிய இடம்.

கம்பெனித் தாளை வெளியே கொண்டுபோகாதே. ஆனால் எப்படிக் கவனித்தாய், எங்கே திருத்தினாய் என்பதை உன் நோட்டில் குறித்து வை, அடுத்த இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும். நீ இந்த வாரம் அந்த அண்ணனோடு ஒரு ஷிப்ட் நில்.