வெயிலுக்கு ஹார்மோன் டானிக் வாங்கலாமா?

கேள்வி: ஜன்னல் ஓரம் வளர்த்த தக்காளி, மிளகாய் நாற்றுகளைச் சித்திரை மாதத்தில் மொட்டைமாடிக்கு மாற்றினேன். மூன்றே நாளில் இலைகள் வெளுத்து, காகிதம் போலக் காய்ந்துவிட்டன. நர்சரிக்காரர் 250 மில்லி டானிக் பாட்டிலைக் காட்டி, "இதை அடித்தால் எந்த வெயிலையும் தாங்கும்" என்கிறார். விலை 450 ரூபாய். லேபிளில் ஜிப்ரலிக் அமிலம் என்று இருக்கிறது. வாங்கலாமா?
‍- மாடித் தோட்டக்காரர், மதுரை

பதில்: வேண்டாம். அந்தக் காசுக்கு நிழல் வலை வாங்குங்கள்.

ஜிப்ரலின், செடியை 'வளர்' என்று விரட்டுகிற ஹார்மோன்; லேபிளில் இருக்கும் ஜிப்ரலிக் அமிலம் அந்த வகைதான். ஜன்னல் ஓரத்து மங்கிய வெளிச்சத்தில் ஆக்சின் என்ற இன்னொரு வளர்ச்சி ஹார்மோனும் அதுவும் சேர்ந்துதான் தண்டை நீட்டியிருக்கும். நாற்று மெலிந்து, நெடுநெடுவென்று நின்றிருக்குமே? அதைத் திடீரென்று வெயிலில் வைத்ததும் செடிக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. நீர் வற்றாமலிருக்க, அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இலைத்துளைகளை மூடுகிறது. துளை மூடினால் கரியமில வாயு உள்ளே வராது. வாங்கிய வெளிச்சத்தைச் செலவழிக்க வழியில்லாமல், இலைக்குள் தீங்கான ஆக்சிஜன் வகைகள் சேரும். அவற்றைச் சமாளிக்கும் பொருள்களை உண்டாக்கச் சொல்வதில் ஜாஸ்மோனிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் என்ற வேறு இரண்டு ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு. ஆந்தோசயனின் நிறமி அவற்றில் ஒன்று; மாந்தளிரின் செம்பு நிறமும் அதே நிறமிதான்.

இந்தப் பாதுகாப்பு வேலை நடக்கவேண்டுமென்றால் வளர்ச்சி கொஞ்சம் அடங்க வேண்டும். ஜிப்ரலின் அப்சிசிக் அமிலத்துக்கு எதிர்த்திசையில் இழுக்கும்; ஆந்தோசயனின் உருவாவதையும் குறைக்கும். ஆக, வெயிலில் தவிக்கிற செடிக்கு அதை அடிப்பது, குடை பிடித்திருப்பவன் கையைத் தட்டிவிடுகிற கதைதான்.

35 அல்லது 50 சதவீத நிழல் தரும் வலை போதும். 'அதிக நிழல்தானே நல்லது' என்று நான் ஒரு முறை 90 சதவீத வலை கட்டினேன். கத்தரி ஆளுயரம் போனது, காய்க்கவே இல்லை. அடுத்த முறை நாற்றை மாற்றும்போது முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம் மட்டும் வையுங்கள். அப்புறம் தினமும் கொஞ்சம் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள்.

பாட்டிலை ஏற்கெனவே வாங்கியிருந்தால் லேபிளைப் பாருங்கள். ஜிப்ரலிக் அமிலம் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவு எண், உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். கடற்பாசிச் சாறு போன்ற உயிர்த்தூண்டிகளுக்கு (செடியின் வளர்ச்சியைத் தூண்டுபவை) உரக் கட்டுப்பாட்டு ஆணை பொருந்தும். 2021இல்தான் இவை அதற்குள் வந்தன. பதிவு எண்ணே இல்லையென்றால் பில்லோடு கடைக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் வாங்கவில்லையா? வழக்கமான தவறுதான், இனி வாங்குங்கள்.

சரி, இருக்கிற நாற்று பிழைக்குமா? வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது. ஆனால் குருத்து பச்சையாக இருந்தால் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். நிழலுக்கு நகர்த்தி, காலையில் தண்ணீர் விட்டு, புது இலை வருகிறதா என்று பத்து நாள் பாருங்கள்.